பச்சையோ, சிவப்போ?

உண்டியைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதப் புகுதல் தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அறிவுக்குரிய பொருள்கள் பல இருக்க, வயிற்றுக்குரியதை எடுத்துப் பேசுவானேன் என்பர். அவர்க்கு யாம் கூறும் விடை இதுவே: ஒரு மக்களினத்தின் அறிவு நூல்நிலையத்தில் மட்டுமன்று, அடுக்களையிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அதனை உண்டு மகிழ்ந்தும், அதனை ஆக்கினோரை மதியாதிருத்தல் கற்றவர்க்கு அழகன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாகாணத்தில் ஹாட்ச் என்னும் சிற்றூர் உளது. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வார் தொகை இரண்டாயிரத்தினும் குறைவு. சுற்றிலும் சிஹுவாஹுவாப் பாலை. ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழப் பத்து அங்குலமே. 1916இல் கட்டி முடிக்கப்பெற்ற எலிபன்ட் பியூட் அணை ரியோ கிராண்டி ஆற்றின் நீரைத் தேக்கிக் கால்வாய்வழி அனுப்புதலால், அப்பாலையின் நடுவே மிளகாய்த் தோட்டங்கள் பசுமையாய் நிற்கின்றன. அவ்வூரிலே மெக்சிகோ முறை உணவு விடுதி ஒன்றில் ஒரு நண்பகல் உண்ணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

விடுதியில் ஆடம்பரம் யாதும் இல்லை. மேசைக்கு விரிப்பில்லை. உழவரும், லாரி ஓட்டுவோரும், சிறுவரோடு வந்த தாய்மாரும் ஒருங்கே அமர்ந்திருந்தனர். பரிமாற வந்த அம்மையார் முதலில் வினவியது, "பச்சையோ, சிவப்போ?" என்பதே. யாம் விழித்தோம். உணவின்மேல் ஊற்றும் மிளகாய்ச் சாறு எந்நிறத்தது வேண்டும் என்பதே வினாவின் பொருள் என்று அவர் நகைத்துக் கொண்டே விளக்கினார். இவ்வினா 1996இல் அம்மாகாணத்தின் அதிகாரபூர்வமான வினாவாகவே சட்டமன்றத்தால் ஏற்கப்பட்டதாம்! பச்சையும் சிவப்பும் வெவ்வேறு செடியின் காய்கள் அல்ல. முற்றுமுன் பறித்து நெருப்பில் சுட்டுத் தோலுரித்தது பச்சை. செடியிலேயே பழுக்கவிட்டு உலர்த்தி அரைத்தது சிவப்பு. இரண்டும் வேண்டுவோர் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னாற் போதும்.

எம் தட்டில் மக்காச்சோள அடைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு, மேலே பொரித்த முட்டையொன்று வைக்கப்பட்டிருந்தது. அவ்வடையை அவர்கள் டார்ட்டில்யா என்பர். எளிய பண்டமே, ஆயினும் அதனுள் அடங்கிய அறிவு எளியதன்று. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, நம் அம்மியை ஒத்த கல்லில் அரைத்தல் மெக்சிகோவின் பழங்குடிப் பெண்டிர் பல நூற்றாண்டுகளாய்க் கைக்கொண்ட முறை. இதனால் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரும் நிலையை அடைகின்றது. பிற நாட்டார் சோளத்தைக் கொண்டு சென்றனர்; சுண்ணாம்பின் முறையை விட்டுச் சென்றனர். அதன் பயனாய், சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளும், பின்னர் அமெரிக்கத் தென்மாகாணத்து ஏழைகளும் பெல்லாக்ரா என்னும் கொடுநோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1914 முதல் ஆராய்ந்த மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் அது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்று நாட்டினார். 1937இல் கான்ராட் எல்வெஹ்யெம் குறைபட்ட சத்து இன்னதென்று காட்டினார். அடுக்களைப் பெண்டிர் கைக்கொண்டிருந்த முறையின் காரணத்தை ஆய்வுக்கூடம் அறிய அத்துணைக் காலம் வேண்டியிருந்தது! பண்டத்தைக் கொண்டவர், அதனைப் பக்குவம் செய்தாரையும் ஒரு சொல் கேட்டிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்?

இனி, அவ்வுணவுக்குரிய மக்களை நோக்குவோம். 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிகோவின் பெரும்பகுதி ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. அங்கிருந்தோர் எல்லையைக் கடக்கவில்லை. எல்லையே அவர்களைக் கடந்தது. பின்னாளில் பள்ளியில் ஸ்பானிய மொழி பேசிய சிறார் தண்டிக்கப்பட்டனர். 1930களின் பஞ்ச காலத்தில், அந்நாட்டிலேயே பிறந்தோர் உட்பட, இலட்சக்கணக்கானோர் மெக்சிகோவுக்கு ஓட்டப்பட்டனர். வயலுக்கு ஆள் வேண்டியபோதோ, 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாய் மீண்டும் அழைக்கப்பட்டனர். இன்றும் பச்சை மிளகாய் பெரும்பாலும் கையாலேயே பறிக்கப்படுகின்றது. ஒருவர் உணவை மற்றவர் உண்ணுதலால் இனப்பகை தானே ஒழியும் என்று உரைப்பாரும் உளர். அது முழு உண்மையன்று என்பதே எம் கருத்து. நாவின் வாயிற்கதவு எளிதில் திறக்கும். நெஞ்சின் கதவு அவ்வாறு திறப்பதில்லை. தட்டுக்குக் கிடைத்த வரவேற்பு அதனை ஏந்தி வந்த கைக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆகின்றது.

மாணவ நண்பர்காள், இவ்விடத்தே ஒருவரை நினைவிற் கொள்ளுங்கள். சிஹுவாஹுவாவில் 1871இல் பிறந்து, பெற்றோரை இழந்து, பாட்டியால் நியூ மெக்சிகோவுக்குக் கொணரப்பட்டவர் ஃபாபியன் கார்சியா. லாஸ் குருஸஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் முதன்முதற் பட்டம் பெற்ற 1894ஆம் ஆண்டு வகுப்பினருள் அவரும் ஒருவர். கற்றபின் அவர் தம் மக்களின் உணவை நாணி மறைக்கவில்லை. அதனையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். பல்லாண்டு உழைத்து, 1921இல் "நியூ மெக்சிகோ எண் 9" என்னும் மிளகாயை உழவர்க்கு அளித்தார். பிறரும் விரும்பியுண்ண வேண்டி அதன் காரத்தைக் குறைத்தார் என்று குறை கூறுவாரும் உண்டு. அக்குறையில் ஓரளவு நியாயமுண்டு. எனினும் அம்மிளகாயால் வயலும் சந்தையும் விரிந்தமை மறுக்கவொண்ணாதது. 1948இல் மறைந்த அவர், தம் பொருளை வறிய ஸ்பானிய மொழி மாணாக்கர் தங்கும் விடுதிக்கென விட்டுச் சென்றார். கல்வியின் பயன் இதனினும் வேறு யாது?

இஃது அயல்நாட்டுக் கதையே என்று தள்ளிவிடுதல் ஒண்ணாது. நம் குழம்பிற் சிவக்கும் மிளகாயும் அப்பெருநிலத்தினின்று போர்த்துகீசியர் வழியாய்ப் பதினாறாம் நூற்றாண்டில் வந்ததே. மிளகைப் போல் உறைத்தமையின் மிளகாய் எனப் பெயரிட்டு நமதாக்கிக் கொண்டோம், தந்தாரை மறந்தோம். அது போகட்டும், காலம் நெடிது. நம் விடுதிச் சமையற்கட்டில் நாள்தோறும் விடியுமுன் அடுப்பு மூட்டுவோரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவர்தம் பிள்ளைகள் எப்பள்ளியிற் பயில்கின்றனர் என்று எவரேனும் கேட்டதுண்டோ?

ஹாட்ச் ஊர் விடுதியில் யாம் உண்டெழுந்தபோது, அவ்வம்மையார் எம் ஊரைக் குறித்தும் உணவைக் குறித்தும் வினவினார். எம்மூரிலும் மிளகாய் உண்டு என்றோம். "பச்சையோ, சிவப்போ?" என்றார் அவர். இரண்டும் என்றோம். எம் பெயரையும் கேட்டறிந்தார். அவர் பெயரைக் கேட்க யாம் மறந்தோம் என்பது, வண்டி ஊரெல்லை கடந்தபின்னரே எமக்கு நினைவு வந்தது.