தூணுக்கு ஈரச் சாக்கு, ஆளுக்கு வெந்நீரா?

கத்திரி வெயிலில் கட்டட வேலை நடக்கும் இடம் எதற்காவது போய்ப் பாருங்கள். இரண்டு நாள் முன்பு கான்கிரீட் போட்ட தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றியிருப்பார்கள். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து நனைப்பார்கள். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயக் கூடாது என்பது விதி. அதில் குறை வைத்தால் இன்ஜினியர் மேஸ்திரியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

அந்தத் தூணுக்கு ஜல்லி சுமந்த சித்தாள் குடிக்கும் தண்ணீர் எங்கே இருக்கிறது? நடு வெயிலில், ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில். மத்தியானம் கை வைத்தால் குளிக்க விளாவிய வெந்நீர் போல இருக்கும்.

30 வருஷத்துக்கு மேல் கட்டட மேற்பார்வையிலேயே காலம் தள்ளியவன் நான். இதற்குச் சொல்லும் சமாதானங்கள் அத்தனையும் கேட்டாயிற்று.

'அவங்களுக்குப் பழகிப்போச்சு சார்' என்பது முதலாவது. வெயில் பழகலாம். ஆனால் வெயிலில் மண் வெட்டுகிறவன் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகும். அது பழக்கத்தால் நிற்காது. போனதைத் திருப்பி ஊற்றியாக வேண்டும். தண்ணீர் சுட்டால் தாகம் இருந்தும் இரண்டு மடக்குக்கு மேல் இறங்காது. பெண்கள் பாடு இன்னும் மோசம். ஒதுங்க இடம் இல்லையே என்று ஏற்கெனவே குறைத்துக் குடிக்கிறார்கள். அதையும் வெந்நீராகக் கொடுத்தால் மயங்கி விழாமல் என்ன செய்வார்கள்?

'ஜில்லுன்னு குடிச்சா சளி பிடிக்கும்' என்பது அடுத்தது. சொல்கிறவர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, கையில் ஐஸ் போட்ட ஜூஸோடு வந்து இறங்குவார். அவருக்கு மட்டும் சளி பிடிக்காது போலிருக்கிறது.

சட்டத்தையும் பார்ப்போம். 1948 தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கோடைக்காலத்தில் குடிநீரைக் குளிரவைத்துத் தர வேண்டும் என்றது. 1996ல் கட்டடத் தொழிலாளர்களுக்கு வந்த சட்டத்தில் குடிநீர் பற்றிய பிரிவு, நல்ல தண்ணீர் போதிய அளவு வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. கூரைக்குக் கீழே நிற்பவனுக்குக் குளிர்ந்த நீர், வெட்டவெளியில் நிற்பவனுக்கு வெறும் நீர். இது என்ன நியாயம்?

'செலவாகுமே' என்பார்கள். என்ன பெரிய செலவு? ஒரு மண்பானை, அதன் மேல் ஒரு ஈரச் சாக்கு. சாக்குதான் சைட்டிலேயே கிடக்கிறதே! ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, 50 லிட்டரைப் பத்து டிகிரி குளிர்விக்கும் அளவு சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. வெளிச்சூடு உள்ளே வருவதால் முழுப் பலனும் கிடைக்காதுதான். கிடைக்கிற அளவே போதும். அதற்குப் பானை நிழலில் இருக்க வேண்டும், காற்றுப் பட வேண்டும். பெயின்ட் அடித்த பானை உதவாது. நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவவும் கூடாது, தேங்காய் நாரால் தேய்த்தால் போதும்.

வேலூர், திருச்சி, மதுரை மாதிரிக் காய்ந்த காற்று அடிக்கும் ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானை திணறும். அங்கே தெர்மகோல் பெட்டியும் ஐஸும்தான் வழி. ஒரு கிலோ ஐஸ் உருகினால் 8 லிட்டர் நீர் பத்து டிகிரி குளிரும். மீனுக்குப் போடும் ஐஸ் என்றால் தண்ணீருக்குள் போடாதீர்கள். கேனைச் சுற்றி வெளியே அடுக்கினால் போதும்.

இன்னொரு கூட்டத்தையும் விடக் கூடாது. ஏப்ரலில் தண்ணீர்ப் பந்தல் திறந்து, தர்பூசணி வெட்டி, போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். நாலு நாள் கழித்துப் போனால் பேனர் இருக்கும், பானை காலியாக இருக்கும். நாள் தவறாமல் நீர்மோர் ஊற்றுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் தொழிலாளிக்குக் குளிர்ந்த தண்ணீர் தர்மமாகக் கிடைக்க வேண்டியதல்ல. மண்வெட்டி, பாண்டு போல அதுவும் வேலைக்கு வேண்டிய சாமான். வேலை கொடுக்கிறவர் வாங்கி வைக்க வேண்டியது.

இதைப் படிப்பவர்களில் பலர் மகனுக்கோ மகளுக்கோ வீடு கட்டிக்கொண்டிருப்பீர்கள். கம்பி எத்தனை எம்எம் என்று மேஸ்திரியிடம் கேட்கிறீர்கள் அல்லவா? ஆட்கள் குடிக்கிற தண்ணீர் எங்கே என்றும் கேளுங்கள். அதிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு வரச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். உங்களால் குடிக்க முடியவில்லை என்றால், மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் அங்கே ஒரு பானை வந்தாக வேண்டும்.