முதல் பணம் பம்பு அறைக்கே

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சூறையாடியபோது, மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த மீன் காட்சியகத்தின் கட்டடம் பெரிய சேதமின்றித் தப்பியது. மீன்கள் தப்பவில்லை. மின்சாரம் போய், அவசர ஜெனரேட்டரும் நின்றதும் தொட்டிகளில் நீரோட்டம் அற்றுப்போனது. ஏறத்தாழ 10,000 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. காற்றைச் சுவாசிக்கும் பென்குவின்களும் கடல் நீர்நாய்களும் பிழைத்து, கலிஃபோர்னியாவின் மான்டரே பே காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன.

தொட்டிகளின் உயிர்காப்பு அமைப்புகளைப் புதுப்பிக்கும் கேள்வியில், காட்சியகப் பராமரிப்பாளர்களின் கூட்டமைப்பு இந்த இழப்பிலிருந்தே பேசத் தொடங்குகிறது. புதிய காட்சித் தொட்டிக்குப் பணம் ஒதுக்குமுன், பார்வையாளர் கண்ணில் படாத பம்பு அறைக்கு ஒதுக்க வேண்டும். வெள்ளம் எட்டாத உயரத்தில் ஜெனரேட்டர், அதற்கு மாற்றாக இன்னொன்று, இரண்டும் கைவிட்டால் மின்சாரமே தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர்கள். இவை இல்லாத புதுப்பிப்புத் திட்டம் எதையும் கூட்டமைப்பு ஆதரிக்காது.

அடுத்தது நைட்ரேட். மீன்கள் வெளியிடும் அம்மோனியாவை, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பழைய அமைப்புகளில் வேலை அத்துடன் முடிந்துவிடும்; நைட்ரேட் தேங்கிக்கொண்டே போகும். அம்மோனியா அளவுக்கு நஞ்சல்ல என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காட்சியகங்கள் பல. ஆனால் வெள்ளைப்புள்ளி மூங்கில் சுறாக்களை நைட்ரேட் மிகுந்த நீரில் வைத்துச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, அவற்றுக்குத் தைராய்டு வீங்கிக் கழலை வந்ததைக் காட்டியது.

இன்னொரு செய்தி இதைவிடக் கவலை தருவது. பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்கும் குளம் ஒன்றில், நீரைத் தெளிவாக்க ஓசோன் சேர்த்த சில மாதங்களில் சுறாக்களுக்குக் கழலை கண்டது. தைராய்டுக்குத் தேவையான, நீரிலுள்ள அயோடைடை ஓசோன் அயோடேட்டாக மாற்றிவிடுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நவீனம் என்று பொருத்திய கருவியே நோய்க்கு வழி திறந்திருக்கிறது. ஆகவே ஓசோன் பொருத்தும் இடமெல்லாம் அயோடைடையும் நீரில் எஞ்சும் ஆக்சிஜனேற்றிகளையும் தவறாமல் அளக்க வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும், ஆக்சிஜன் இல்லாத பாக்டீரியா அறைகளைப் பெரிய தொட்டிகள் அனைத்துக்கும் அமைக்க வேண்டும். இவற்றால் நீர் மாற்றுவதும் குறையும். கடலிலிருந்து தொலைவில், உப்பு வாங்கிக் கரைத்துக் கடல்நீர் தயாரிக்கும் காட்சியகங்களுக்கு அது பெரிய மிச்சம்.

இந்த அளவீடுகளைத் தானாகச் செய்யும் உணரிகளைக் கூட்டமைப்பு வரவேற்கிறது. அவற்றைக் காரணம் காட்டி இரவுப் பணியாளரைக் குறைப்பதை எதிர்க்கிறது. பம்பின் சத்தம் மாறுவதையும் மீன் இரைக்கு வராததையும் முதலில் கவனிப்பவர் அவர்தான்.

இவை அனைத்துக்கும் செலவு அதிகம் என்பதைக் கூட்டமைப்பு அறியும். நகராட்சி நிதியில் நடக்கும் பழைய காட்சியகங்கள் படிப்படியாகச் செய்யலாம். ஆனால் பிரதான மின் இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறை துண்டித்து, மாற்று ஏற்பாடுகள் தாங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதன் முடிவு நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே ஒட்டப்பட வேண்டும்.