கேட்பாரற்ற ஊதியம் யாருக்குச் சொந்தம்? நிறுவனங்களின் கடமையும் தொழிலாளரின் காலக்கெடுவும்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் போபோடி பகுதி, மும்பை–புனே பழைய நெடுஞ்சாலையில் முளா ஆற்றையொட்டி அமைந்துள்ளது. ஒருபுறம் கட்கி, மறுபுறம் தாபோடி, அதற்கு அப்பால் பிம்பிரி–சிஞ்ச்வட் தொழிற்பகுதி எனத் தொழிற்கூடங்கள் நிறைந்த வழித்தடம் இது. பணிக்கு வருவோரும் பணியை விட்டுச் செல்வோரும் இங்கு ஏராளம். அவ்வாறு செல்வோரில் சிலர் கடைசி மாத ஊதியத்தையோ போனஸையோ பெறாமலேயே சென்றுவிடுகின்றனர். அந்தப் பணம் என்னவாகிறது என்பது பலரும் அறியாத ஒரு சட்ட விவகாரமாகும்.

உரிமை கோரப்படாத நிதிச் சொத்துகள் குறித்த விழிப்புணர்வு அண்மையில் அதிகரித்துள்ளது. 'உங்கள் பணம், உங்கள் உரிமை' என்ற நாடு தழுவிய இயக்கத்தை மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 அக்டோபர் 4 அன்று காந்திநகரில் தொடங்கி வைத்தார். வங்கிகளிடமும் ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் ரூ.1.84 லட்சம் கோடி மதிப்பிலான சொத்துகள் கேட்பாரற்றுக் கிடப்பதாக அப்போது அவர் தெரிவித்தார். எனினும் அந்த இயக்கத்தின் கவனம் வைப்புத்தொகை, காப்பீடு, பங்கு, ஈவுத்தொகை ஆகியவற்றின் மீதே இருந்தது. தொழிலாளரின் ஊதிய நிலுவை வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது.

மாநிலச் சட்டம் கூறுவது என்ன?

அமெரிக்காவில் உரிமை கோரப்படாத சொத்துகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனிச்சட்டம் வைத்துள்ளது. வழங்கப்படாத சம்பளக் காசோலை முதல் ஈவுத்தொகை வரை அனைத்தையும் நிறுவனங்கள் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் இந்தப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளிடையே பிரிந்துள்ளது. ஈவுத்தொகையும் வங்கி வைப்பும் மத்தியச் சட்டங்களின் கீழும், கேட்பாரற்ற ஊதியம் மாநிலத் தொழிலாளர் நல நிதிச் சட்டங்களின் கீழும் வருகின்றன.

மகாராஷ்டிரத்தில் இதற்கு அடிப்படையாக அமைந்தது 1953-ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலாளர் நல நிதிச் சட்டம். தொழிலாளருக்குச் சேர வேண்டிய ஊதியம், பணிக்கொடை போன்றவை உரிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை வழங்கப்படாவிட்டால், அத்தொகையை நிறுவனம் தொழிலாளர் நல வாரியத்திடம் செலுத்த வேண்டும். வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பு இதில் அடங்காது. தமிழகத்திலும் 1972-ஆம் ஆண்டின் தொழிலாளர் நல நிதிச் சட்டம் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுள்ளது.

நீதிமன்றங்களில் நீடித்த வழக்கு

இந்த ஏற்பாடு எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. பாம்பே டையிங் நிறுவனம் தொடுத்த வழக்கில், கேட்பாரற்ற ஊதியத்தை வாரியத்துக்கு மாற்றும் பிரிவு செல்லாது என உச்ச நீதிமன்றம் 1957-இல் தீர்ப்பளித்தது. காலவரம்பு கடந்தால் வழக்குத் தொடுக்கும் வழி அடைபடுமே தவிர, கடன் அழிந்துவிடாது. எனவே வாரியத்திடம் பணம் செலுத்திய பின்னரும் தொழிலாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் மீதே இருந்தது.

இக்குறையைப் போக்கச் சட்டம் திருத்தப்பட்டது. செலுத்திய தொகை அளவுக்கு நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுபடும், அப்பொறுப்பு வாரியத்தைச் சேரும் என்று 6-ஏ பிரிவு கூறியது. பம்பாய் மாநிலம் பிரிந்த பின் குஜராத்திலும் நடைமுறையில் இருந்த இச்சட்டம், அம்பிகா மில்ஸ் வழக்கில் மீண்டும் சோதனைக்கு உள்ளானது. திருத்தப்பட்ட ஏற்பாடு செல்லும் என 1974-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

முதலீட்டாளருக்கு ஒரு நீதி, தொழிலாளருக்கு வேறா?

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, ஏழு ஆண்டுகள் கோரப்படாத ஈவுத்தொகை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குச் செல்கிறது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகளும் மாற்றப்படுகின்றன. ஆனால் உரிமையாளரோ வாரிசோ அதன் பிறகும் காலவரம்பின்றி அவற்றைத் திரும்பப் பெறலாம். பத்து ஆண்டுகள் கோரப்படாத வங்கி வைப்புக்கும் இதே நிலைதான். அதைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' இணையதளத்தையும் தொடங்கியது.

தொழிலாளரின் நிலை வேறு. தொகை வந்து சேர்ந்ததும் வாரியம் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையிலும், அரசிதழிலும், அப்பகுதியில் வழங்கும் மொழியின் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொரு ஜூன், டிசம்பர் மாதத்திலும் இது தொடர வேண்டும். முதல் அறிவிப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் எவரும் கோராவிட்டால், அத்தொகை உரிமையாளரற்ற சொத்தாகக் கருதப்பட்டு நல நிதியுடன் இணைந்துவிடும்.

புனேயில் பணியாற்றித் திருநெல்வேலிக்கோ தருமபுரிக்கோ திரும்பிவிட்ட ஒருவரின் கண்ணில் மராத்தி நாளிதழ் அறிவிப்பு படுவது அரிது. ஆலையே மூடப்பட்டிருந்தால் அறிவிப்புப் பலகையால் பயனில்லை. சிறு தொகையை நம்பி வாழ்பவருக்குக் காலக்கெடுவும், பங்குகளில் முதலீடு செய்தவருக்குக் காலவரம்பற்ற உரிமையும் இருப்பது மறுஆய்வுக்குரியது. நல நிதி தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும், பொது நலன் ஒரு தனிமனிதரின் உழைப்பூதியத்துக்கு ஈடாகாது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை

மூன்று ஆண்டுகள் கடந்த ஊதியப் பாக்கியை இலாபக் கணக்கில் வரவு வைப்பது எளிது. ஆனால் சட்டப்படி அது நிறுவனத்தின் பணமன்று. தொழிலாளர் பெயர், உரிய நாள், தொகையின் வகை ஆகியவற்றுடன் தனிப் பதிவேடு பராமரிப்பது முதல் கடமை. கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கும் நியமனதாரருக்கும் கடிதம் அனுப்பியதற்கான சான்றையும் வைத்திருப்பது நல்லது. ஒப்பந்ததாரர் வழி பணியாற்றியவர்களின் கணக்கையும் முதன்மை நிறுவனம் கவனிக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பணி விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. இது முறையாகப் பின்பற்றப்பட்டால் கேட்பாரற்ற ஊதியம் உருவாவதே பெருமளவு குறையும்.

தொழிலாளர் கவனத்துக்கு

பணியை விட்டுச் செல்வோர் ஊதியச் சீட்டு, பணிநியமனக் கடிதம், இறுதிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். நிரந்தர முகவரி, வங்கிக் கணக்கு, நியமனதாரர் விவரங்களை எழுத்துமூலம் அளிப்பதும் அவசியம். மூன்று ஆண்டுகள் முடியும் முன் நிறுவனத்திடமும், அதன் பின் பணியாற்றிய மாநிலத்தின் தொழிலாளர் நல வாரியத்திடமும் கோரலாம். மகாராஷ்டிரத்தில் உழைத்தவரின் பணம் மகாராஷ்டிர வாரியத்திடமே இருக்கும். சொந்த ஊருக்குத் திரும்பிய தமிழர்கள் சென்னையில் தேடுவதால் அது கிடைக்காது.