வாயில் வீடு ஆகுமோ?



சேலத்து அம்மாபேட்டையில் சின்னாட்களுக்கு முன் நிகழ்ந்த சொற்பொழிவொன்றின் இறுதியில் நம்மவர் ஒருவர் எழுந்து, "கிறித்தவர்க்குத் தலையிற் சிறிது நீர் தெளித்த அளவில் எல்லாம் முடிந்தது, அதன்மேற் செய்யத்தக்கது யாதுமில்லை" என்று எள்ளினர். அவையோர் நகைத்தனர். அடியேன் நகைத்திலேன். அவ்வுரை உண்மையன்று, அதனினுங் கேடு, அவ்வெள்ளல் நம்மேலேயே மீள்வது. இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

பிறர் கொள்கையை அவர் நூல் கொண்டே அறிதல் வேண்டும். ஞானஸ்நானம் புதுப்பிறப்பு என்பது அவருட் பலர் துணிபு. பிறந்த மகவு வளர்தல் வேண்டுமன்றோ? பேதுருவின் இரண்டாம் நிருபம் அருளிலும் அறிவிலும் வளருமாறு பணித்தே முடிகின்றது. ஞானஸ்நானத்தாற் பாவம் நீங்கியும், பாவத்தின்கட் செலுத்தும் இச்சை எஞ்சி நிற்கும் என்பர் கத்தோலிக்கர். ஆங்கிலேயராகிய பனியன் என்பார் 1678இல் வெளியிட்ட பயணக் கதையில், சிலுவையடியில் முதுகுச் சுமை வீழ்ந்த பின்னரே மலையேற்றமும் போரும் சிறையும் வருகின்றன. அக்கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவக் குடியிற் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். காவியம் வெளிவந்தது 1894இல். முப்பத்தாறு ஆண்டு கழிந்த பின்னரும் அவர் உலகிற்கு அளித்தது வழிப்பயணமே. வீடடைந்தோம் என்னும் வெற்றி முழக்கமன்று.

1854இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்ட ஆறுமுக நாவலர், பைபிளை நன்கு கற்று, அதனைக் கொண்டே விடையிறுத்தார். கல்லாது எள்ளுதல் அவர் காட்டிய நெறியன்று.

அற்றேல், அவர்க்கும் நமக்கும் வேறுபாடு இல்லையோ எனின், உண்டு. அவர் ஆதாமின் வழிவந்த பாவம் என்பர்; நாம் செம்பிற் களிம்புபோல் ஆணவம் அநாதி என்போம். ஒரு பிறப்பினுள் வளர்ச்சி முற்றாதார் கதி யாது? உத்தரிக்கும் தலம் கூறிக் கத்தோலிக்கர் விடை தருவர். சீர்திருத்தச் சபையார் அதனையுங் கொள்ளார். மலம் பரிபாகமெய்தும் வரை பிறவி பல அளித்துக் காத்திருக்கும் பெருங்கருணையே இதற்குத் தக்க விடை என்பது நம் துணிபு.

இனி, நம் நிலையை நோக்குவாம். சமயம், விசேடம், நிருவாணம் எனத் தீக்கை படிப்படியாயது. நிருவாணத்திற் சஞ்சிதம் அழியினும் பிராரத்தம் உடலோடு நின்று நுகர்ந்தே கழியும். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றார்க்கே அடியார் கூட்டத்தையும் திருவேட வழிபாட்டையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது. ஞானிக்கே ஓய்வில்லையெனின், சமயதீக்கை மாத்திரம் பெற்ற நமக்கு ஓய்வு எங்ஙனம் உண்டாகும்?

அன்று அவையில் தீக்கை பெற்றார் எத்துணையர், அவருட் காலை அநுட்டானம் முடித்து வந்தார் எத்துணையர் என்று வினவியிருப்பின் நகை அடங்கியிருக்கும். அடியேன் வினவத் துணிந்திலேன். என்னை? இளமையில் மடத்திற் கற்றுத் தீக்கை பெற்ற அடியேனே, பள்ளிப் பணியைக் காரணங்காட்டி அநுட்டானத்தைக் கைநெகிழ விட்ட ஆண்டுகள் பல. இவ்வறுபது கடந்த அகவையில் அவ்விழப்பு நெஞ்சைச் சுடுகின்றது.

இவ்வூர் நெசவாளர் ஊர். தறியிற் பாவு பூட்டிய அன்றே சேலை ஆயிற்று என்பார் இங்கு எவருமிலர். ஊடை ஓட ஓடவே துணி வளரும். தீக்கை பாவு, நாடோறும் செய்யும் பூசையும் ஐந்தெழுத்துமே ஊடை. பிறர் தறியை எள்ளுமுன் நம் தறி ஓடுகின்றதா என்று பார்ப்போமாக.

திருச்சிற்றம்பலம்