கடிதம் சேர்த்த பெண் பட்டாளம்

போர் என்றால் துப்பாக்கி, பீரங்கி, விமானம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டாளத்தில் பேனாவும் அட்டையும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவரை யாரும் மதிப்பதில்லை. "அவருக்கென்ன, நிழலில் உத்தியோகம்!" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது பெரிய தவறு. 1945-ம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்டால், அப்படிச் சொல்ல வாய் வராது.

அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான அமெரிக்க சிப்பாய்கள் இருந்தார்கள். இன்று ஓர் ஊர். நாளை வேறு ஊர். காயம் பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். வீட்டிலிருந்து வரும் கடிதமோ பழைய விலாசத்துக்குப் போகும். அங்கே ஆள் இருக்க மாட்டார்.

இப்படி ஆள் கிடைக்காத கடிதங்களும் பார்சல்களும் பர்மிங்காம் நகரில் மலை மலையாகக் குவிந்துவிட்டன. சில கடிதங்கள் எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்துமசுக்கு வீட்டார் ஆசையோடு அனுப்பிய கேக்குகளை எலிகள் தின்றுகொண்டிருந்தன!

குண்டு மழையில் நிற்கும் பையனுக்குத் தாயிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. வீட்டில் மறந்துவிட்டார்கள் என்றுதானே அவன் நினைப்பான்?

பெண்கள் வந்தார்கள்

1945 பிப்ரவரியில் 6888-வது மத்திய தபால் பட்டாளம் பர்மிங்காமுக்கு வந்தது. மொத்தம் 855 பெண்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய தலைவி மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். வயது 26.

கிடங்கில் கணப்பு கிடையாது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களில் கறுப்பு பூசியிருந்தார்கள். அந்தக் குளிரிலும் மங்கல் வெளிச்சத்திலும் இரவு பகலாக மூன்று முறை வைத்து வேலை நடந்தது.

சிப்பாய்களைப் பற்றிய அட்டைகள் சுமார் 70 லட்சம் இருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர்! ராணுவ எண்ணைப் பார்த்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சில உறைகளில் முழுப் பெயரே இருக்காது. வீட்டுச் செல்லப் பெயரை எழுதி, 'அமெரிக்க ராணுவம்' என்று போட்டிருப்பார்கள்.

இறந்துபோனவர்களுக்கு வந்த கடிதங்களும் இருந்தன. அவற்றை வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதில் ஓர் எண் தவறினால் என்ன ஆகும்? உயிரோடு இருக்கும் மகனுக்கு எழுதிய கடிதம், 'இறந்துவிட்டார்' என்று தாயின் கைக்கே திரும்பி வரும். நிழலில் உத்தியோகம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு முறைக்குச் சுமார் 65,000 தபால்கள் அனுப்பினார்கள். ஆறு மாதம் கெடு கொடுத்த வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது.

ஜெனரலுக்குப் பதில்

இவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? பார்வையிட வந்த ஒரு ஜெனரல், எல்லோரும் வரிசையில் நிற்கவில்லையே என்று கோபித்தார். இரவெல்லாம் உழைத்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னார். தன் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்றார் சாரிட்டி ஆடம்ஸ். ராணுவ விசாரணை என்று ஜெனரல் மிரட்டினார். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பட்டாளம் பிரான்சுக்குப் போனது. அங்கே ஜீப் விபத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஈமச் செலவுக்கு ராணுவ இலாகா பணம் தரவில்லை. தோழிகளே தங்கள் பணத்தைப் போட்டு அடக்கம் செய்தார்கள். போரில் வென்ற ஒரு பெரிய நாட்டுக்கு இது அழகா?

1946-ல் ஊர் திரும்பினார்கள். அணிவகுப்பு இல்லை, வரவேற்பு இல்லை. பட்டாளத்தைக் கலைத்துவிட்டார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கச் சட்டம் வந்தது 2022-ல். அப்போது உயிரோடு இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. சாரிட்டி ஆடம்ஸ் 2002-லேயே காலமாகிவிட்டார்.

2023-ல் வர்ஜீனியாவில் உள்ள ஒரு ராணுவ முகாமுக்கு, இன்னொரு அதிகாரியின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 2025-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு இரண்டே வருடம். வைப்பதற்கு மட்டும் எழுபத்தெட்டு வருடம் யோசித்தார்களே!