பள்ளிக்குப் போகும் ஒழுங்கை

யாழ்ப்பாண நகரம் எங்கே முடிகின்றது என்று வினவினால், மாநகர சபையார் வீதியோரத்துப் பெயர்ப்பலகையொன்றைக் காட்டுவர். ஆயின், அப்பலகையைக் கடந்து செல்பவர்க்கு நகரம் முடிந்ததாகத் தோன்றாது. திருநெல்வேலிச் சந்தியிலே கடைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் புகையிலையும் வெங்காயமும் விளைந்த செம்மண் தோட்டங்கள் பரப்புக் கணக்கிலே துண்டாடப்பட்டு மாடிவீடுகளாகிவிட்டன. 1974ஆம் ஆண்டிற் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களிலே பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுட் பல, வாடகை வீடுகளில் ஆண்டுகள் பல கழித்து, ஈற்றில் இப்பகுதிகளிலேயே காணி வாங்கிக் குடியமர்ந்தன. இவ்வாறு கிராமமொன்று தன்னையறியாமலே நகராகும்போது முதலில் நெரிபடுவது அதன் ஒழுங்கை. அதன் பள்ளிக்கூடமோ, விந்தையாக, சனம் பெருகப் பெருக வெறுமையாகின்றது.

பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் முடிவெய்தியபின், ஈராண்டுக்கு மேலாக மக்கட் பிரதிநிதிகள் எவரும் அச்சபைகளில் இருந்திலர். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. மீண்டும் தவிசாளர் அமர்ந்தார். மீண்டும் பிரேரணைகள் எழுந்தன. அத்தகைய சபையொன்றின் கூட்டத்தைப் பார்வையாளர் வாங்கிலிருந்து கேட்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அங்கத்தவர் ஒருவர், தமது வட்டாரத்திற் குடிசனம் பெருகிவிட்டதால் புதியதோர் ஆரம்பப் பாடசாலை வேண்டுமென்றார். மற்றொருவர், பிரதான வீதியை அகலித்துக் 'காபெற்' இடவேண்டுமென்றார். இரண்டும் முறையே வழிமொழியப்பட்டன. இடையிலே ஓர் அம்மையார், உரத்த குரலிலன்று, சாதாரணமாகச் சொன்னார்: "தவிசாளர் அவர்களே, பள்ளிக்கூடம் இல்லையெண்டு ஆர் சொன்னது? பள்ளிக்கூடம் இருக்குது. மாரியிலை பிள்ளை அதுக்குப் போய்ச் சேர வழிதான் இல்லை."

சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அடுத்த விடயத்திற்குப் போய்விட்டனர். பள்ளிக்கூடம் வேறு, வீதி வேறு என்று நிகழ்ச்சி நிரலில் இரண்டு இலக்கங்களாக அச்சிட்டிருந்தபடியால், அவ்வம்மையார் சொன்னதை எந்த இலக்கத்தின்கீழ் எழுதுவதென்று செயலாளருக்கும் தெரிந்திராது. ஆயினும், அன்று அங்கே பேசப்பட்டவற்றுள் அதுவே முதன்மையானதென்பது நம் துணிபு.

சட்டம் என்ன சொல்கின்றது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றையே அச்சபைகளின் பொறுப்பாக ஒப்படைத்துள்ளது. முன்பள்ளி நடத்தலாம், வாசிகசாலை அமைக்கலாம். ஆனால் பாடசாலை மாகாண சபையின் அல்லது கல்வி அமைச்சின் கையிலுள்ளது. ஆகவே, பாடசாலை வேண்டுமென்று சபை நிறைவேற்றும் தீர்மானம் உண்மையில் ஒரு கடிதமே. அது போகும் இடத்திற்குப் போய், பதில் வரும்போது வரும். பிரதான வீதிக் கதையும் ஏறத்தாழ அதுவே. 'ஏ', 'பி' வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன. 'சி', 'டி' வகுப்பு வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்குரியன. இவை போக எஞ்சும் உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் சொந்தச் சொத்து. அன்று நிறைவேறிய இரண்டு பிரேரணைகளும் பிறருக்கு எழுதும் கடிதங்களாகவும், சபை தன் கைப்பொருளைக் கொண்டே செய்யக்கூடிய ஒன்று சிரிப்போடு கழிந்ததாகவும் முடிந்தது கவனித்தற்குரியது.

இனி, பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். நம்மவர் ஊர்தோறும் பாடசாலை வைத்தவர்கள். 1923ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கிராமங்களிலே பல பாடசாலைகளை நடத்தியது. தம் வளவிலே ஒரு துண்டை மனமுவந்து கொடுத்தவர்களாலும், பனையோலை வேய்ந்த கொட்டிலில் வகுப்பைத் தொடங்கியவர்களாலும் எழுந்தவை எத்தனையோ. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. அம்மாற்றத்தின் நன்மை தீமைகளை ஆராயப் புகுந்தால் இப்பத்தி போதாது. ஒன்று மட்டும் சொல்வோம்: 'எங்கள் பள்ளிக்கூடம்' என்று ஊரவர் முற்றத்தைக் கூட்டிய பழக்கம் அத்தோடு மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று.

இன்று காலை ஏழு மணிக்கு எந்தப் புறநகர்ச் சந்தியிலும் நின்று பாருங்கள். வான்களும் ஓட்டோக்களும் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு நகரத்தை நோக்கி ஓடுகின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசலைக் கடந்தே அவை ஓடுகின்றன. உள்ளே ஒரு வகுப்பறையில் ஆசிரியை சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகின்றார். நகரக் கல்லூரியிற் கற்பிக்கும் நமக்கு, அவ்வான்கள் வந்து நிற்கும் மறுமுனையின் காட்சியும் நன்கு பழக்கமானதே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை, கல்லூரிப் பெயரின் கவர்ச்சி எனப் பெற்றோர் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் தாயோடு சிறிது நேரம் பேசினால், இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு காரணம் வரும். "ஒழுங்கையாலை தனிய விட ஏலாது, சேர்." தனியே நடக்கவிட முடியாவிட்டால் எப்படியும் வண்டி வேண்டும், வண்டிக்குப் பணம் கொடுப்பதென்றால், அது நகரத்துக் கல்லூரிக்கே போகட்டுமே என்பது குடும்பக் கணக்கு. அக்கணக்கிலே பிழை காண எவராலும் இயலாது.

முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் சுற்றுநிருபத்தை வாசித்தவர்கள் ஒன்றை அறிவர். வெற்றிடங்களிற் பாதி அயலில் வசிப்போருக்கென ஒதுக்கப்படுகின்றது. விண்ணப்பித்த பாடசாலையினும் கிட்டிய பாடசாலை வேறு இருப்பின் அதற்காகப் புள்ளி குறைக்கப்படும். இந்தத் தூரம் படத்திலே நேர்கோடாக அளக்கப்படுகின்றது. அதாவது, காகம் பறக்கும் தூரம். நம்மூர்ப் பிள்ளைகள் காகங்களல்லர். நேர்கோட்டிலே கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு, மூன்று முடக்குத் திரும்பி, ஒரு குட்டையைச் சுற்றி, புகையிரதப் பாதையைக் கடந்து போகவேண்டியிருக்கும்.

புகையிரதப் பாதை என்றோமே, அதையும் சொல்லிவிடுவோம். 1902ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் ஓடிய புகையிரதம், 1990இல் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. கொக்குவில், கோண்டாவிற் பிள்ளைகள் ஒரு தலைமுறையாக அந்நிலத்தின்மீது நடந்தும் சைக்கிள் ஓடியும் திரிந்தனர். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறை வரைக்கும் வண்டி திரும்பி வந்தது. பெரிய வீதிகளிற் கடவை போட்டனர். ஒழுங்கைகள் அந்தக் கணக்கில் எளிதில் வருவனவல்ல.

இனி ஒழுங்கையைப் பற்றிச் சொல்வோம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமை, பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் நம் வழக்கத்துக்குச் சட்ட உருவம் தந்தது. மூன்று பெண்களிருந்தால் வளவு மூன்றாகும்; பின்வளவுக்குப் போக ஒரு பாதை விடவேண்டும். உறுதி எழுதிய நொத்தாரிசுமார், பங்குக் கிணற்றோடு 'வழி வாய்க்கால்' உரித்தையும் தவறாமற் சேர்த்து எழுதினர். வழியையும் வாய்க்காலையும் ஒரே மூச்சில் எழுதிய அவர்களுடைய நிதானத்தை நாம் வியப்பதுண்டு. மனிதன் போகும் வழியும் மாரித் தண்ணீர் போகும் வழியும் ஒன்றையொன்று பிரியாதன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும்போது வழியை மட்டும் உயர்த்துகின்றோம். வாய்க்கால் மூடுண்டு போகின்றது. கார்த்திகை மழையில் அத்தண்ணீர் தாழ்ந்த வளவைத் தேடிப் போகின்றது. அத்தாழ்ந்த வளவு பள்ளிக்கூடத்து முற்றமாயிருந்தால் அன்று பாடம் நடவாது.

முன்னர் வேலிகளிருந்தன. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியால் ஓரங்குலம் ஒழுங்கைப் பக்கமாக நடந்துவிடும் என்பது யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்த இரகசியம். அவ்வங்குலங்களுக்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் உள. இப்பொழுது மதில்கள் வந்துவிட்டன. மதில் நடப்பதில்லை, நடந்துவந்த இடத்திலேயே நிலைத்து நிற்கின்றது. இரு மதில்களுக்கு இடையே ஒரு வான் வந்தால், பள்ளிப் பிள்ளை சுவரோடு ஒட்டி நிற்பதைத் தவிர வேறிடம் இல்லை.

ஆதலால், சபையார்க்கு நாம் முன்வைப்பது பெரிய திட்டம் எதுவுமன்று. புதிய பாடசாலை உண்மையாகவே தேவைப்படும் வட்டாரங்கள் சில இருக்கலாம். அவற்றுக்குக் கடிதம் போகட்டும். பிரதான வீதி அகலமானால் நகரத்துக்கு ஓடும் வான் இன்னும் விரைவாக ஓடும். ஊர்ப் பள்ளிக்கு அதனாற் பயன் சிறிதே. சபை தன் சொந்தப் பணத்தை, சோலைவரியென்று நம் முதியோர் சொல்லும் அந்த ஆதனவரிப் பணத்தை, முதலிற் செலவிடவேண்டியது ஆரம்பப் பாடசாலை வாசலில் வந்து முடியும் ஒழுங்கைகளில். இப்போது வட்டாரத்துக்கு இவ்வளவென்று பங்கிட்டு, யார் அதிகம் கேட்டாரோ அவர் வாசலுக்குத் தார் போகின்றது. அதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலை அதிபரிடமும், பிள்ளைகள் எவ்வெவ்வொழுங்கையால் நடந்து வருகின்றனர், எங்கே தண்ணீர் நிற்கின்றது, எங்கே தண்டவாளம் கடக்கின்றனர் என்று ஒரு கைப்படம் கேட்டு வாங்கலாம். நான்காந் தரப் பிள்ளைகளே அதை வரைந்து தருவர்; வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் சபைக்கு வரும்போது அப்படங்களை மேசையில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

கடினமான பகுதி நிலம். 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்று விதித்தது. அத்தகைய சட்டம் இனி எவரும் கொண்டுவரப்போவதில்லை; வேண்டியதுமில்லை. வேண்டியது இரு பக்கத்தும் ஒன்றரை அடி. கதியால் நடந்த அந்தப் பழைய அங்குலங்களின் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டால் மறுப்பர் என்று சபையார் அஞ்சுகின்றனர். வெறுங்கையோடு போய்க் கேட்டால் மறுக்கத்தான் செய்வர். மதிலை உடைத்தால் சபையே தன் செலவிற் பின்தள்ளிக் கட்டித் தரும், வாய்க்காலும் சேர்த்து வெட்டித் தரும் என்று எழுத்திற் கொடுத்துவிட்டு, ஊர்ச் சனசமூக நிலையத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டு போனால் நிலைமை வேறாகும். தம் வளவையே பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அன்றோ அந்த மதில்களுக்குப் பின்னால் இருக்கின்றனர்!

முதலில் யாருடைய மதிலை உடைப்பது என்ற வினா நிச்சயம் எழும். அதற்குத் தொலைவிற் போய்த் தேடவேண்டியதில்லை. அங்கத்தவர்களுட் பலரும் அவ்வொழுங்கைகளிலேயே குடியிருக்கின்றனர். அவர்களுடைய மதில்களும் அங்கேதான் நிற்கின்றன.