துப்பு யார் கையில்?

பழவேற்காட்டுக்கு ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு, பிறந்தது முதல் ஒரு வரிகூட எழுதியிராதவர்களாக இருந்தாலும், ஒரு துப்பறியும் நாவல் எழுதிவிட வேண்டுமென்ற ஆசை பிறந்துவிடும். இடம் அப்படி! சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம், இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியதென்று பெயர் பெற்ற உப்பங்கழி ஏரி. இரண்டுக்கும் நடுவே மணல் திட்டுகளில் மீனவர் குப்பங்கள். அந்தி மயங்கும் நேரத்தில் கரை திரும்பும் படகுகள். இவையெல்லாம் போதாதென்று, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் அத்தியாயத்துக்குப் படம் போட ஓவியருக்கு வேறென்ன வேண்டும்?

கதை எப்படிப் போகும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். குப்பத்தில் ஒரு பெண் காணாமற் போகிறாள். சில நாளில் இன்னொருத்தி. யார் கைவரிசை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், வாய் திறப்பாரில்லை. அவர் பெரிய மனிதர். படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்தவர். போலீஸ் அதிகாரிகள் அவர் வீட்டில் விருந்து சாப்பிடுகிறவர்கள். இந்த நிலையில் பட்டணத்திலிருந்து துப்பறிவாளர் வந்து சேருகிறார். தமிழ்வாணனின் சங்கர்லாலாக இருந்தால் தேநீர் அருந்திக்கொண்டே யோசிப்பார். தேவனின் சாம்புவாக இருந்தால் ஏதோ அசட்டுத்தனம் செய்யப் போக, அதுவே குற்றவாளியைக் கொண்டுவந்து காலடியில் தள்ளிவிடும். எப்படியும் கடைசி அத்தியாயத்தில் பெரிய மனிதர் கையில் விலங்கு ஏறும். நாமும் "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைத் துடைக்கப் போவோம்.

ஆனால், இந்தக் கதையில் உள்ள மர்மம் எது என்று சற்று யோசித்துப் பாருங்கள். பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் முறை அது. யாருடைய முறை எப்போது என்பது ஊரறிந்த விஷயம். ஒருவரையொருவர் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் இடத்தில் 'குற்றவாளி யார்?' என்பது மர்மமே அல்ல. அவனுக்குக் குடை பிடிப்பது யார், அந்தக் குடையைப் பிடுங்குவது எப்படி என்பதுதான் கேள்வி. நாவலாசிரியர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வாழ்க்கையில் நமக்கு வேண்டியிருப்பது இரண்டாவதற்குப் பதில்.

பழவேற்காடே இந்த மாதிரிக் குற்றம் ஒன்றை நிஜமாகப் பார்த்த ஊர். 1613-ல் டச்சுக் கம்பெனியார் அங்கே 'கெல்டிரியா' என்ற கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே நெடுநாள் அவர்களுக்குத் தலைமை ஸ்தலம். துணியும் வெடிமருந்தும் மட்டுமா அங்கே வியாபாரம் ஆயின? மனிதர்களும் வியாபாரம் ஆனார்கள். பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், பசியில் துடித்தவர்களைத் தரகர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். பெற்ற பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு; பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் உண்டு. அவர்களைக் கப்பலில் ஏற்றிப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். துப்பறிய யார் வருவார்கள்? குற்றம் செய்தவர்களே கோட்டைக்குள் அதிகாரம் செலுத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் பீரங்கியும் கொடியும் இருந்தன.

அந்த வியாபாரத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் கம்பெனியாரின் கடிதங்களிலிருந்தும் கணக்குகளிலிருந்தும்தான். வாங்கியவர்கள் எழுதி வைத்த கணக்கு! கல்லறைத் தோட்டத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பெயரும் தேதியும் பொறித்த கற்கள் இருக்கின்றன. கப்பல் ஏற்றப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே கல் இல்லை. தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்லியிருப்பார்கள், அழுதிருப்பார்கள். அதைக் கேட்டு எழுதி வைக்க ஒருவரும் இல்லை.

*

எழுதி வைக்க ஆள் கிடைத்தால் என்ன ஆகும்? அதற்கு இந்தக் கடற்கரையை விட்டு, தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே வாச்சாத்தி என்று ஒரு சிற்றூர். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். (மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர்கள் நம் தமிழ்நாட்டு மலைவாசிகள்.)

1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி அந்த ஊருக்குள் ஒரு படையே நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஆக 269 பேர். கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடி வந்ததாகப் பெயர். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். பிறகு 18 பெண்களைத் தனியே பிரித்து ஏரிப் பக்கம் இழுத்துப் போனார்கள். பள்ளிக்கூடச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. அங்கே நடந்ததை இந்தப் பக்கத்தில் விவரிக்க வேண்டியதில்லை. பாலாத்காரம் என்ற ஒரு சொல் போதும். அத்துடன் விட்டார்களா? பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கைது செய்து சேலம் சிறையில் அடைத்தார்கள். கொடுமைக்கு ஆளானவர்கள் கம்பிக்குள்ளே, கொடுமை செய்தவர்கள் காக்கி உடுப்புடன் வெளியே!

விஷயம் கசிந்தபோது பெரிய இடங்களிலிருந்து கிடைத்த பதில் என்ன தெரியுமா? "பொறுப்புள்ள அதிகாரிகள் இப்படியெல்லாம் செய்திருக்க மாட்டார்கள்" என்பதுதான். இதைவிட உறுதியான குடை எந்த நாவலிலாவது வந்திருக்கிறதா?

இந்தக் கதையில் துப்பறிவாளர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் எனக்குச் சங்கடம்தான். ஒருவர் அல்ல, பலர். முதலில் ஊருக்குள் போய் மக்கள் பேச்சைக் கேட்டவர்கள், மலைவாழ் மக்கள் சங்கத்தையும் மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியையும் சேர்ந்தவர்கள். அந்தக் கட்சியின் தலைவராயிருந்த ஏ. நல்லசிவன் கோர்ட் ஏறினார். அடுத்து வந்தவர் ஒரு பெண்மணி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி. அதே 1992-ல் வாச்சாத்திக்கு நேரில் போனார். பாழாகிக் கிடந்த வீடுகளைப் பார்த்தார். பெண்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டதை அறிக்கையாக எழுதினார். சர்க்கார் மறுத்துக்கொண்டிருந்த ஒரு சம்பவத்தை, சர்க்கார் சம்பளம் வாங்கும் ஒரு பெண் அதிகாரி நடந்தது என்று கையெழுத்திட்டுச் சொன்னார். பூதக் கண்ணாடியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவர் செய்ததெல்லாம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டது, கேட்டபடி எழுதியது.

1995-ல் ஹைகோர்ட் உத்தரவின் பேரில் ஸி.பி.ஐ. விசாரணையை ஏற்றது. 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். எழுத்து வாசனை அதிகம் அறியாத அந்தப் பெண்கள், உடுப்பணிந்த மனிதர்களின் வரிசைக்கு முன்னால் நின்று, "இவன்தான்" என்று கை நீட்டிக் காட்டினார்கள். சங்கர்லாலின் மூளையெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு விரலுக்கு ஈடாகுமா?

ஆனால் கடைசி அத்தியாயம் அடுத்த வாரமே வந்துவிடவில்லை. வருஷங்கள் உருண்டன. சாட்சி சொல்ல அழைத்தபோதெல்லாம் கூலி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு, பஸ் ஏறிப் போனார்கள். எதிரே, நடந்ததை இல்லையென்று சாதிக்க வக்கீல்கள் இருந்தார்கள். ஊரில் கலியாணப் பேச்சு முதல் எல்லாவற்றிலும் அந்தப் பழைய நாள் வந்து நின்றது. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஒருவர்கூடத் தப்பவில்லை. வனத்துறையில் உயர்ந்த பதவி வகித்த நால்வரும் அவர்களில் உண்டு. பாலாத்காரக் குற்றம் 17 பேர் மீது நிரூபணமாயிற்று.

மேல்முறையீட்டை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு, மறுபடியும் செப்டம்பர் 29-ஆம் தேதி, தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். அத்தோடு, அன்று மாவட்டக் கலெக்டராகவும் போலீஸ் சூப்பிரண்டாகவும் மாவட்ட வன அதிகாரியாகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார். குடை பிடித்தவர்களையும் கேள்வி கேட்டது அந்தத் தீர்ப்பு. இதற்கு 31 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினெட்டுப் பேரில் சிலர் அதைக் காதால் கேட்க உயிரோடு இல்லை.

*

"இதெல்லாம் காட்டிலும் கரையிலும் நடக்கிற விஷயம், பட்டணத்தில் குடித்தனம் நடத்துகிற எங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. பெரிய மனிதர் என்பவர் கோட்டையில்தான் இருக்க வேண்டுமா? குடும்பத்துக்கு உதவி செய்த உறவினராக இருக்கலாம். பாட்டு வாத்தியாராக இருக்கலாம். வீட்டுக்காரரின் மேலதிகாரியாகவும் இருக்கலாம். குழந்தை ஏதோ சொல்ல வாயெடுக்கிறது. "சீ, அவரைப் போய் அப்படிச் சொல்லலாமா? வாயை மூடு" என்று நாம் சொல்லிவிட்டால், வாச்சாத்தி விஷயத்தில் பெரிய இடங்கள் சொன்ன அதே பதிலைத்தான் நாமும் சொல்கிறோம். குடையின் காம்பு நம் கையில் இருக்கிறது.

பொள்ளாச்சி வழக்கு நினைவிருக்கும். 2019-ல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தபோது, காக்க வேண்டிய போலீஸ் தரப்பிலிருந்தே அவள் பெயர் வெளியாயிற்று. அதைப் பார்த்த பிறகும் மற்றப் பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ஆம் தேதி கோயம்புத்தூர் மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. வாச்சாத்திக்கு முப்பத்தொன்று, இதற்கு ஆறு. வழி சற்றே குறுகியிருக்கிறது. முன்னால் நடந்தவர்கள் முள்ளை மிதித்துப் பாதை போட்டதனால்தான்.

சட்டமும் முன்னைப்போல் இல்லை. இவற்றைச் சமையலறை நாட்காட்டியின் பின்புறம் குறித்து வைத்துக்கொள்ளலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காக்கும் போக்ஸோ சட்டம் 2012-ல் வந்தது. அதன்படி குழந்தையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரி, உடுப்பு அணியாமல் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்ள வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரியது. எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் பதியலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். பாலாத்காரம் போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்கள் இருக்கின்றன.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் காதில் விழுவதற்கு முன்னால் விஷயம் யாராவது ஒருவர் காதில் விழ வேண்டும். பெரும்பாலும் அந்தக் காது ஒரு தாயினுடையதாகவோ, அத்தையினுடையதாகவோ, பக்கத்து வீட்டு மாமியினுடையதாகவோ இருக்கிறது. அப்போது பதறாமல் கேளுங்கள். தேதியையும் சொன்ன சொல்லையும் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்தத் தாள் பேசும்.

பழவேற்காட்டுத் துப்பறியும் நாவலை யாராவது எழுதத்தான் போகிறார்கள். நம் பத்திரிகையிலேயே வந்தாலும் வரலாம். வந்தால் நானும் வாராவாரம் முதல் ஆளாகப் படிப்பேன். ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பட்டணத்துத் துப்பறிவாளர் வந்து இறங்குவதற்கு முன்னால், குப்பத்துப் பெண் ஒருத்தியை ஒரு பக்கமாவது பேச விடுங்கள். துப்பு அவளிடம்தான் இருக்கிறது.